பிளாகில் எழுதியதை அப்படியே அச்சுக்கு அனுப்பாதீர்கள்

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேமுக்கு வந்தவர்கள் கொஞ்ச நாளில் எழுதவும் ஆரம்பித்துவிடுவது சாதாரணம். வாராவாரம் கேம் மாஸ்டராக, அதாவது ஆட்டத்தை நடத்துகிறவராக, உட்கார வேண்டுமென்றால் ஒரு டன்ஜன் (ஆட்டக்காரர்கள் புகுந்து தேடும் பாதாள அறைகள்) வரைய வேண்டும், எந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று குறித்து வைக்க வேண்டும், பகடையில் எந்த எண் விழுந்தால் என்ன வரும் என்று அட்டவணை போட வேண்டும். இதெல்லாம் சேர்ந்து பிளாகுக்குப் போகிறது, இரண்டு வருடம் கழித்து யாரோ ஒருவர் "இதைப் புத்தகமாப் போடலாமே" என்கிறார், அங்கேதான் வினை தொடங்குகிறது.

முதல் தவறு, பிளாகிலிருந்து அச்சுக்குப் போவதைப் பதவி உயர்வாக நினைப்பது. இந்தப் பொழுதுபோக்கின் வரலாறு அப்படி இல்லை. 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) என்ற ஆட்டம் மூன்று சிறு புத்தகங்களாக ஒரு பெட்டிக்குள் வந்தது, முதல் அச்சு 1000 பிரதி. அடுத்த வருடமே லாஸ் ஏஞ்சலிஸில் லீ கோல்ட் என்பவர் 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்ற இதழைத் தொடங்கிவிட்டார். எழுதுகிறவர்கள் அவரவர் பக்கங்களைத் தருவார்கள், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கட்டாகத் தபாலில் அனுப்புவார்கள், போன இதழில் ஒருவர் சொன்ன விதிக்கு இந்த இதழில் இன்னொருவர் சண்டைக்கு வருவார். பிளாகும் கமெண்டும் இன்று செய்கிற வேலையைக் காகிதம் அன்றே செய்துவிட்டது. அப்புறம் 2008 வாக்கில் பழைய பாணி ஆட்டத்தை மீட்கக் கிளம்பிய ஓஎஸ்ஆர் கூட்டம் ஒரு பக்கம் பிளாகில் எழுதிக் குவித்துக்கொண்டே மறுபக்கம் 'ஃபைட் ஆன்!' என்ற இதழை லூலு என்ற இணைய அச்சுத் தளம் மூலம் அச்சிட்டு விற்றது. நம் ஊர்ச் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

ஆக, இதில் எது உசத்தி என்ற கேள்விக்கே இடமில்லை. படிக்கிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதில்தான் வித்தியாசம். பிளாக் படிப்பவர் தனியாக, அவசரம் இல்லாமல், பாதியில் விட்டாலும் பரவாயில்லை என்று படிக்கிறார். அச்சுப் பிரதியைப் பிரிப்பவர் மேஜையில் இருக்கிறார், எதிரே நாலு பேர் "கதவைத் திறந்தாச்சு, உள்ளே என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள், பதில் பத்து வினாடிக்குள் வர வேண்டும். இதை மறப்பதால்தான் மீதித் தவறுகளில் பாதி வருகிறது.

அடிக்கடி பார்க்கிற ஒன்று, பழைய பதிவுகளைத் தேதி வரிசையில் ஒட்டி, அட்டை போட்டு, புத்தகம் என்று சொல்வது. ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். பிளாகில் இப்படி எழுதியிருப்பார்கள்: "மூன்றாவது அறை ஒரு காலத்தில் கோட்டையின் சமையலறையாக இருந்தது. பஞ்ச காலத்தில் கோட்டைத் தலைவனின் தம்பி இங்கேதான் தானியத்தைப் பதுக்கினான், அந்தக் கதையைப் போன பதிவில் சொன்னேன்." இப்படி இரண்டு பத்தி போன பிறகு, "மூலையில் மூன்று காப்லின்கள் சூதாடிக்கொண்டிருக்கின்றன" என்று வரும் (காப்லின் என்றால் குட்டிப் பூதம், இங்கே எதிரி). கேம் மாஸ்டர் அந்த வரிக்கு வந்து சேர்வதற்குள் ஆட்டக்காரர்கள் அறை நடுவில் போய் நின்று அடுப்பை ஆராய ஆரம்பித்திருப்பார்கள். இப்போது என்ன செய்வது? "மன்னிக்கவும், மூன்று காப்லின்கள் இருப்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்" என்றுதான் சொல்ல வேண்டும். அதே அறை அச்சில் இப்படி இருந்தால் போதும்:

3. சமையலறை. கருகிய வாடை, கொதிக்கும் பானை. காப்லின் 3: சூதாட்டத்தில் மும்முரம், கதவுக்கு முதுகு. பானைக்கு அடியில்: 7ஆம் அறையின் சாவி.

கண்ணுக்கும் மூக்குக்கும் முதலில் படுவது முதலில், எதிரி அடுத்து, தேடினால் மட்டும் கிடைப்பது கடைசியில். தம்பி பதுக்கிய தானியக் கதை வேண்டாமா என்றால், வேண்டும், ஆனால் அதன் இடம் பிளாக். 2019இல் வந்த ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ் என்ற விதிப் புத்தகம் இவ்வளவு பேர் பெற்றதற்கு அதில் இருக்கும் விதிகள் காரணம் இல்லை, அவை 1981ஆம் ஆண்டு டி அண்ட் டி விதிகள்தான். தேவையானதை விரித்த இரண்டு பக்கத்துக்குள் அடக்கி, புரட்டாமல் பார்க்கும்படி வைத்ததுதான் காரணம்.

வரிசையும் மாற வேண்டும். கீத் அம்மான் 2016இல் தொடங்கிய பிளாகில் எந்த அரக்கன் எப்படிச் சண்டை போடுவான் என்று ஒவ்வொன்றாக அலசினார், அது 2019இல் 'தி மான்ஸ்டர்ஸ் நோ வாட் தே ஆர் டூயிங்' என்ற புத்தகமானது. புத்தகத்தில் அரக்கர்கள் இன வாரியாகப் பிரிந்திருக்கிறார்கள், அவர் எழுதிய தேதிப்படி இல்லை. தேடுகிறவருக்குப் பதிவு வந்த மாதம் எதற்கு? இதே தவறை பிளாகிலேயே செய்கிறவர்களும் உண்டு. புதுப் பதிவு மேலே நிற்பதால் புதிதாக வருகிறவர் கண்ணில் முதலில் படுவது தொடரின் பதினேழாம் பகுதிதான். ஒரு பொருளடக்கப் பக்கம் போட்டு அதை மேலே ஒட்டி வைக்க அரை மணி நேரம் ஆகும், அதைக்கூடச் செய்ய மாட்டேன் என்கிறார்கள்.

இணைப்புகள் தனித் தொல்லை. "இங்கே சொடுக்கவும்" என்பது காகிதத்தில் வெறும் எழுத்து. சரி, பக்க எண் போடலாம் என்றால் அது கடைசி வடிவமைப்பு முடியும்வரை நிலையாக நிற்காது, அதனால் இப்போதைக்கு "பக்கம் XX" என்று எழுதி வைப்பார்கள், அது அப்படியே அச்சுக்குப் போய்விடும். ஒயிட் வுல்ஃப் என்ற ரோல்பிளேயிங் கேம் நிறுவனத்தின் புத்தகங்கள் இந்த "பக்கம் XX" விஷயத்தில் பேர்போனவை. இதே துறைப் பதிப்பகமான பெல்கிரேன் பிரஸ் தன் இணைய இதழுக்கே 'சீ பேஜ் XX' என்று பெயர் வைத்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் கோப்பில் XX என்று ஒரு முறை தேடிப் பாருங்கள்.

இன்னொரு பயம், இலவசமாகப் போட்டால் காசு கொடுத்து யார் வாங்குவார்கள் என்பது. இந்தப் பயத்தால் நல்ல சரக்கையெல்லாம் ஒளித்து வைத்துவிட்டு பிளாகில் "விரைவில் வருகிறது" என்று மட்டும் மாதக்கணக்கில் எழுதுவார்கள். நடப்பு வேறு. பேசிக் ஃபேன்டசி என்ற விதிப் புத்தகம் 2007லிருந்து பிடிஎஃப் இலவசம், அச்சுப் பிரதியையும் கிட்டத்தட்ட அடக்க விலைக்கே கொடுக்கிறார்கள். ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸின் அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன, புத்தகமும் விற்கிறது. மேஜையில் லேப்டாப் மூடியை உயர்த்தி அதன் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு ஆட்டம் நடத்துவது எவ்வளவு எரிச்சல் என்று ஒரு முறை நடத்தியவருக்குத் தெரியும், அதனால்தான் காகிதத்துக்குக் காசு கொடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஒளித்து வைப்பதில்தான் நஷ்டம் பெரிது: பதிவாகப் போட்டால் முன்பின் தெரியாத யாராவது ஆடிப் பார்த்து "உன் அட்டவணையில் 65க்கு ஒன்றுமே இல்லையே" என்று சொல்வார். பிளாகில் அது இரண்டு நிமிடத் திருத்தம், அச்சான பிறகு அது பிழைத்திருத்தத் தாள்.

உரிமை விஷயத்துக்கு வருவோம், இதில்தான் பிளாகுக்கும் அச்சுக்கும் நிஜமான வேலி இருக்கிறது. டி அண்ட் டி உரிமையாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், ரசிகர்கள் இலவசமாகத் தரும் படைப்புகளுக்கென்று தனிக் கொள்கை வைத்திருக்கிறது. காசு வாங்காதவரை அவர்களுடைய உலகத்தையும் பாத்திரங்களையும் வைத்து வரம்புக்குள் எழுதிக்கொள்ளலாம். அதே பதிவைப் புத்தகமாக்கி விலை போட்டால் அந்தக் கொள்கை உங்களைக் காக்காது. விற்க வேண்டுமென்றால் வேறு வழி பிடிக்க வேண்டும். 2000லிருந்து அதற்கு ஓஜிஎல் என்ற உரிமம் இருந்தது. 2023 ஜனவரியில் அதை மாற்றும் வரைவு கசிந்து, வருடத்துக்கு 7,50,000 டாலருக்கு மேல் வருமானம் பார்ப்பவர்கள் பங்கு தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது தெரியவந்து, ஊரே கொந்தளித்தது. அந்த மாதம் முடிவதற்குள் நிறுவனம் பின்வாங்கி, எஸ்ஆர்டி 5.1 என்ற அடிப்படை விதித் தொகுப்பை மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் 4.0 உரிமத்தில் விட்டது. உடனே "டி அண்ட் டி இனி எல்லோருக்கும் சொந்தம்" என்று சிலர் கிளம்பினார்கள். சொந்தமானது அந்தத் தொகுப்பில் இருக்கும் எழுத்து மட்டும்தான். லோகோவோ, மற்ற புத்தகங்களில் வரும் உலகங்களோ, படங்களோ அதில் சேராது. தொகுப்பிலிருந்து எடுத்தாலும் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று அவர்கள் கேட்ட வாசகத்தைப் புத்தகத்தில் போட்டாக வேண்டும், பலர் விடுவது இந்த ஒரு வரியைத்தான்.

படங்களும் அப்படியே. கூகுளில் தேடி எடுத்த ஓவியத்தைப் பதிவில் ஒட்டுவதே தப்பு, யாரும் கேட்கவில்லை என்பதால் பழகிப்போயிருக்கும். அச்சில் போட்டு விற்றால் கேட்பார்கள். ஓவியருக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் 2017லிருந்து காப்புரிமை இல்லாத பழைய படங்களை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் தருகிறது. பழைய மரச்செதுக்குப் படங்கள் கறுப்பு வெள்ளை அச்சுக்கு அவ்வளவு பொருத்தம், பேயும் எலும்புக்கூடும் வேண்டிய மட்டும் இருக்கின்றன.

அச்சுத் தொழில் நுணுக்கம் என்று பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் திரையில் அழகாகத் தெரிந்த வரைபடம் தாளில் மங்கிப்போவது ஏன் என்பதற்கு ஒரு வகுத்தல் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். பிளாகில் போட்ட 1000 பிக்சல் அகல வரைபடம் அந்தக் கணக்கில் 3.3 அங்குலம்தான், அதாவது எட்டரை சென்டிமீட்டர். ஏ5 தாளின் அகலமே 14.8 சென்டிமீட்டர், அதை நிரப்ப 1750 பிக்சலாவது வேண்டும். இருப்பதை இழுத்துப் பெரிதாக்கினால் கோடெல்லாம் பஞ்சு மாதிரி ஆகிவிடும், அதனால் வரையும்போதே பெரிதாக வரைந்து வைத்துக்கொண்டு பிளாகுக்குச் சிறிதாக்குங்கள். நடுவில் பின் அடிக்கும் சிறு புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நாலின் மடங்காக இருக்க வேண்டும், 30 பக்கம் எழுதினால் 32 ஆக்குங்கள் அல்லது 28க்குச் சுருக்குங்கள். முக்கியமான அட்டவணையை ஒரு தாளின் முன்பக்கத்தில் ஆரம்பித்துப் பின்பக்கத்தில் முடிக்காதீர்கள், எதிரெதிர்ப் பக்கத்தில் வையுங்கள். தாளின் ஓரம்வரை போகும் படத்துக்கு வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுவது பொதுவான வழக்கம்.

காசு. மக்களிடம் முன்பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டர் 2019 பிப்ரவரியில் ஸீன் குவெஸ்ட் என்று தொடங்கி, கையடக்கமான, ஒற்றை நிறத்தில் அச்சான சிறு இதழ்களுக்கு நிதி திரட்ட வழி செய்தது, அதிலிருந்து பிப்ரவரி வந்தாலே ஆளாளுக்கு ஒன்று அறிவிக்கிறார்கள். திரட்டியதில் 5 சதவீதம் தளத்துக்கு, பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. இதையெல்லாம் கணக்குப் போடுகிறவர்கள்கூடக் கோட்டை விடுவது தபாலில். அமெரிக்காவுக்குள் புத்தகங்களுக்கு மீடியா மெயில் என்ற மலிவான வழி உண்டு, கடல் தாண்டினால் அது கிடையாது. மெலிந்த ஒரு சிறு இதழுக்கு அதன் விலையைவிடத் தபால் செலவு அதிகமாகிவிடும். இதில் உற்சாக மிகுதியில் "இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் அட்டைப்படம் வண்ணத்தில், இன்னும் சேர்ந்தால் பெரிய வரைபடம்" என்று வாக்குக் கொடுத்தால், எடை கூடி, தபால் கட்டணம் அடுத்த படிக்கு ஏறி, வந்த காசு அதிலேயே கரைந்துவிடும். அறிவிப்பதற்கு முன் அதே தாளில் டம்மி ஒன்று செய்து, உறைக்குள் போட்டுத் தராசில் வையுங்கள். முதல் முறைக்கு லூலுவோ டிரைவ்த்ரு ஆர்பிஜியோ, கேட்டவுடன் ஒன்றிரண்டாக அடித்துத் தரும் முறையே போதும். பிரதிக்கு விலை கூடத்தான், ஆனால் விற்காத 300 பிரதி கட்டிலுக்கு அடியில் இருக்காது.

அச்சு வந்துவிட்டது, இனி பிளாக் எதற்கு என்று மூடுவதும், எல்லாமே ஒரு தளத்தில் பத்திரமாக இருக்கிறது என்று நம்புவதும் ஒரே மாதிரித் தவறுகள். ஓஎஸ்ஆர் கூட்டத்தின் பேச்சில் பெரும்பகுதி சில வருடங்கள் கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ்ஸில்தான் நடந்தது. 2019 ஏப்ரலில் அதை மூடினார்கள், அங்கே நடந்த விவாதங்களில் எடுத்து வைக்காதவை போனது போனதுதான். வருடத்துக்கு ஒரு முறையாவது பிளாகை முழுதாக இறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள்.

அச்சகத்திலிருந்து மாதிரிப் பிரதி வந்ததும் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சரி சொல்லிவிடாதீர்கள். அதை எழுதாத ஒருவர் கையில் கொடுத்து, அவரைக் கேம் மாஸ்டராக உட்காரவைத்து, நீங்கள் ஓரமாக உட்கார்ந்து அவர் எந்த இடத்தில் முன்னும் பின்னும் புரட்டுகிறார் என்று பாருங்கள், வாயைத் திறக்காதீர்கள். அப்புறம் ஒரு சின்ன விஷயம்: அட்டையில் 'இதழ் 1' என்று போடுவது. போட்டவுடனே இரண்டாவதுக்கு ஆள் காத்திருக்க ஆரம்பித்துவிடுவார்கள், அது வராவிட்டால் முதலாவதும் பாதியில் நின்றதாகத் தெரியும். தலைப்பை மட்டும் போடுங்கள், இரண்டாவது வந்தால் அதற்கு 2 என்று போட்டுக்கொள்ளலாம்.