இலவசக் கருவியில் பாட வீடியோ: எங்கே கோட்டை விடுகிறோம்?

கணினித் திரையையும் குரலையும் பதிவு செய்யும் மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டூடியோவுக்குக் காசு கிடையாது. நேரக் கட்டுப்பாடும் இல்லை, வீடியோ மேல் விழும் வாட்டர்மார்க் முத்திரையும் இல்லை. விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலேயே திரையைப் பதிவு செய்யலாம். ஆகவே கருவிக்குப் பஞ்சமில்லை. அப்படியும் பல பாட வீடியோக்கள் சோடை போவதற்குக் காரணம், வீட்டில் ஒரு பிள்ளை அதை எந்தத் திரையில், எந்தச் சத்தத்துக்கு நடுவே பார்க்கும் என்று யோசிக்காமல் எடுப்பதுதான்.

முதல் குறை ஒலி. படம் கொஞ்சம் மங்கினால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். குரல் புரியவில்லை என்றால் உடனே மூடிவிடுவார்கள். லேப்டாப் மைக், மேலே சுற்றும் ஃபேனையும் கீபோர்டு தட்டலையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும். சாதாரண இயர்போன் மைக் வாய்க்குப் பக்கத்தில் இருப்பதாலேயே பல நேரம் அதைவிடத் தெளிவாக எடுக்கும். ஓபிஎஸ்-இல் நீங்கள் பேசும்போது ஒலி அளவு காட்டும் பட்டை மஞ்சளைத் தொட வேண்டும். பச்சையிலேயே கிடந்தால் குரல் சன்னமாக இருக்கும். சிவப்பில் முட்டினால் கரகரக்கும். அரை நிமிடம் பதிவு செய்து, போட்டுக் கேட்டுவிட்டு, அப்புறம் பாடத்தைத் தொடங்குங்கள்.

அடுத்தது, கரண்ட் போகும் என்பதை மறப்பது. வழக்கமான எம்பி4 கோப்பைத் திறக்கத் தேவையான குறிப்புகள் பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகின்றன. நடுவில் கணினி அணைந்தால் மொத்தப் பாடமும் திறக்காத கோப்பாகிவிடும். ஓபிஎஸ் செட்டிங்ஸில் பதிவு வடிவத்தை எம்கேவி என்ற இன்னொரு வீடியோக் கோப்பு வகைக்கு மாற்றிவிட்டால், அணைந்த இடம் வரைக்கும் தப்பிக்கும். முடித்த பிறகு ஃபைல் மெனுவில் உள்ள ‘ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்’ அதைத் தரம் குறையாமல் எம்பி4 ஆக்கித் தரும்.

முழுப் பீரியடையும் ஒரே வீடியோவாகப் போடாதீர்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் சுமார் 69 லட்சம் பார்வைகளை அலசி 2014-இல் வந்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்த்த இடைநிலை நேரம் (பாதி பார்வைகள் அதற்குக் கீழே, பாதி மேலே) 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. அவை கல்லூரி அளவிலான பாடங்கள். ஏழாம் வகுப்புக்கு இன்னும் சுருக்கமாக எடுப்பதே என் யோசனை: பின்னங்களைக் கூட்டுவது ஒரு வீடியோ, கழிப்பது இன்னொன்று.

லேப்டாப்பில் பளிச்சென்று தெரியும் 18 அளவு எழுத்து அம்மாவின் போனில் எறும்பு போல ஆகிவிடும். ஸ்லைடில் 32-க்குக் குறையாமல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கி எழுத்து கலங்கும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். டேட்டா குறைவாக உள்ள வீடுகளையும் நினைத்து, கோப்பைச் சிறியதாக வைத்துக்கொள்வது நல்லது.

இனிச் சொல்வதில் அலட்சியம் கூடவே கூடாது. முழுத் திரையையும் பதிவு செய்தால் ஓடிபி, சொந்தச் செய்தி, மதிப்பெண் பட்டியல் எல்லாம் வீடியோவில் ஏறிவிடும். ஓபிஎஸ்-இல் ‘விண்டோ கேப்சர்’ தேர்ந்தெடுத்தால் பாடம் உள்ள சாளரம் மட்டும் பதிவாகும். யூடியூபில் ‘அன்லிஸ்டட்’ என்பது பூட்டு அல்ல. இணைப்பு கையில் கிடைத்த யாரும் பார்க்கலாம். பிள்ளைகளின் முகமோ குரலோ உள்ள வீடியோவை அப்படிப் போடக் கூடாது. இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தைகளாகவே கொள்கிறது. பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். கேமராவைக் கரும்பலகைப் பக்கம் திருப்பி வைத்தால் பிள்ளைகளின் முகம் பதிவாகவே ஆகாது.