கணினிச் சொற்களைக் கணினியின் முன்னமர்ந்தே கற்பது எப்படி

கணினி பழகத் தொடங்குபவர்களை முதலில் மிரட்டுபவை அதன் சொற்கள்தாம். ரேம், சிபியு, டிரைவர், ரவுட்டர், ஐபி முகவரி என்று நாளும் காதில் விழும் இவற்றை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்தால் ஒரு வாரம்கூட நினைவில் நிற்காது. ஒரு சொல்லைக் கேட்டவுடன், அது என்ன வேலை செய்கிறது, அது நின்றுபோனால் வேறு எதுவெல்லாம் நின்றுபோகும் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு, விடையை நம் கண்முன் இருக்கும் கணினியிலேயே தேடிப் பார்ப்பதுதான் நான் கண்டவரையில் நிலைத்து நிற்கும் வழி. ஆகவே இதைப் படிக்கும்போது கணினியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கே சொல்லப்படும் படிகள் விண்டோஸ் கணினிக்கு உரியவை. மற்ற இயங்குதளங்களிலும் இவற்றுக்கு இணையான இடங்கள் உண்டு.

கையால் தொடக்கூடியது வன்பொருள், தொட முடியாதது மென்பொருள் என்று பாடநூல்கள் சொல்லும் விளக்கம் சரியானதே. என்றாலும், பழுது ஏற்படும்போதுதான் இரண்டின் வேறுபாடும் நன்றாக விளங்கும். விசைப்பலகையில் ஒரு விசை உடைந்துவிட்டால் அதை மாற்றித்தான் ஆக வேண்டும். கடிதம் எழுதும் மென்பொருள் திறக்க மறுத்தால் அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவே ஃபர்ம்வேர் என்று ஒன்று உண்டு. அது சாதனத்துக்குள்ளேயே எழுதிவைக்கப்பட்ட மென்பொருள். கணினியை இயக்கியதும் விண்டோஸ் வருவதற்கு முன்பே திரையில் ஏதோ தோன்றுகிறதே, அது ஃபர்ம்வேரின் வேலை.

இனி பெட்டிக்குள் போவோம். மேசைக் கணினியின் பெட்டி முழுவதையும் சிபியு என்று அழைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. உண்மையில் சிபியு என்பது அந்தப் பெட்டிக்குள், மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையின் மேல் பொருத்தப்பட்டிருக்கும் ஒரு சிறிய சில்லு மட்டுமே. கணக்கிடுவது, ஒப்பிடுவது, கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றுவது ஆகிய எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. தமிழில் இதைச் செயலி என்கிறோம். கைப்பேசியில் நிறுவும் ஆப்பையும் செயலி என்றே எழுதுகிறோம். இந்த ஒரு சொல்லால் குழம்பியவர்கள் பலர் என்பதால், சில்லைக் குறிக்கும்போது நுண்செயலி அல்லது பிராசசர் என்று சொல்வது நல்லது.

இப்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் என்ற பகுதிக்குச் செல்லுங்கள். சிபியுவின் வேகம் கிகாஹெர்ட்ஸ் என்ற அலகில் காட்டப்படும். 3 கிகாஹெர்ட்ஸ் என்றால், சில்லின் உள்ளே இருக்கும் கடிகாரத் துடிப்பு நொடிக்கு 300 கோடி முறை நிகழ்கிறது என்று பொருள். இன்டெல் 1971இல் வெளியிட்ட 4004 என்ற நுண்செயலியில் டிரான்சிஸ்டர் எனப்படும் நுண்ணிய மின் சுவிட்சுகள் ஏறத்தாழ 2,300 மட்டுமே இருந்தன. இன்றைய சில்லுகளில் அவை நூற்றுக்கணக்கான கோடிகளாகப் பெருகியிருக்கின்றன. ஆனால் துடிப்பு வேகத்தை மட்டும் வைத்து இரண்டு கணினிகளை ஒப்பிட வேண்டாம். ஒரே துடிப்பில் புதிய சில்லு செய்து முடிக்கும் வேலை பழையதைவிட அதிகமாக இருக்கலாம். சில்லுக்குள் தனித்தனியே கட்டளைகளை நிறைவேற்றும் கோர் எனப்படும் உட்கருக்களின் எண்ணிக்கையும் வேறுபடும்.

அதே திரையில் மெமரி, டிஸ்க் என்று இரண்டு வரிகள் இருப்பதைக் கவனியுங்கள். தொடக்கநிலையில் வரும் குழப்பங்களில் பாதி இந்த இரண்டில்தான் பிறக்கிறது என்பதால் இங்கே சற்று நின்று செல்வது தகும். கைப்பேசியில் படங்கள் சேர்ந்து இடமில்லாமல் போனால் ‘மெமரி ஃபுல்’ என்கிறோம். அங்கே நிறைந்தது சேமிப்பகம். கணினியில் மெமரி என்று காட்டப்படுவது ரேம், அதாவது வேலை நடக்கும்போது மட்டும் தகவலைத் தாங்கி நிற்கும் தற்காலிக நினைவகம். மின்சாரம் நின்றால் அதில் இருந்தவை அனைத்தும் அழிந்துபோகும். டிஸ்க் என்பது மின்சாரம் இல்லாத நிலையிலும் தகவலைக் காத்து வைத்திருக்கும் சேமிப்பகம். எனவே, பல நிரல்களை ஒன்றாகத் திறந்ததும் கணினி திணறினால் ரேம் போதவில்லையா என்று பாருங்கள். புதிய கோப்பைச் சேமிக்க இடமில்லை என்று சொன்னால் சேமிப்பகத்தைப் பாருங்கள். முதல் குறைக்கு இரண்டாவதன் மருந்தைக் கொடுத்தால் பணம்தான் வீணாகும்.

சேமிப்பகத்தில் இரண்டு வகைகள் பரவலாக உள்ளன. ஹார்டு டிஸ்க்கின் உள்ளே காந்தப் பூச்சுள்ள தட்டுகள், பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. 1956இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் வட்டு இயக்ககத்தில் 50 தட்டுகள் இருந்தும் சுமார் 50 லட்சம் எழுத்துகளையே அதில் வைக்க முடிந்தது. இரண்டாவது வகையான எஸ்எஸ்டி, தகவலைச் சில்லுகளில் வைக்கிறது; அதில் அசையும் உறுப்பே இல்லை. பழைய கணினியில் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டியைப் பொருத்தினால் அது திறக்கும் வேகத்தில் ஏற்படும் மாற்றத்தை, எந்த அளவுகோலும் இல்லாமல் யாரும் உணர முடியும்.

அடுத்து அளவுகள். பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒற்றைத் தகவல். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். இதைக் கண்ணால் காண ஒரு சோதனை செய்து பாருங்கள். நோட்பேடைத் திறந்து ‘தமிழ்’ என்ற ஒரே சொல்லைத் தட்டச்சு செய்து, என்டர் எதையும் அழுத்தாமல், யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் சேமியுங்கள். பிறகு அந்தக் கோப்பின் மேல் வலது சொடுக்கிட்டு ப்ராப்பர்ட்டீஸ் என்பதைத் திறந்தால், அளவு 15 பைட் என்று இருக்கும். மூன்று எழுத்துக்கு ஏன் பதினைந்து? உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் ‘த’, ‘ம’, இகரத்துக்கான மேல்விலங்கு, ‘ழ’, புள்ளி என்று ஐந்து குறிகள் தனித்தனியாக எழுதப்படுகின்றன. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் தேவைப்படுகிறது. அதே சொல்லை ஆங்கில எழுத்துகள் ஐந்தில் எழுதிச் சேமித்தால் 5 பைட் மட்டுமே. நம் மொழியின் ஒரு சொல் கணினிக்குள் எந்த வடிவில் உட்கார்ந்திருக்கிறது என்பதை இப்படி எண்ணிப் பார்த்தவருக்குப் பைட் என்ற சொல் பிறகு மறக்காது.

புதிதாக வாங்கிய 1 டெராபைட் வட்டில் 931 ஜிகாபைட்தான் இருக்கிறது என்று பலர் கவலைப்படுவதற்கும் கணக்குதான் காரணம். தயாரிப்பாளர்கள் ஒரு லட்சம் கோடி பைட்டை 1 டெராபைட் என்கிறார்கள்; விண்டோஸ் ஆயிரத்துக்குப் பதிலாக 1,024ஐ அடிப்படையாக வைத்து, 107,37,41,824 பைட்டை ஒரு ஜிகாபைட்டாகக் கொள்கிறது. வகுத்துப் பாருங்கள், ஒரு பைட்டும் காணாமல் போகவில்லை. இணைய வேகத்தை விளம்பரப்படுத்தும்போது மெகாபிட்டில் சொல்வார்கள். பதிவிறக்கம் மெகாபைட்டில் காட்டப்படும். 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும்.

மென்பொருளில் அடித்தளமாக இருப்பது இயங்குதளம். விண்டோஸ், மேக் ஓஎஸ், 1991இல் தொடங்கிய லினக்ஸ், அதன் கருவை அடிப்படையாகக் கொண்ட ஆண்ட்ராய்டு ஆகியவை இவ்வகை. அதன் மேல் நாம் பயன்படுத்தும் நிரல்கள் இயங்குகின்றன. டிரைவர் என்பது இயங்குதளத்துக்கும் ஒரு சாதனத்துக்கும் இடையே நின்று மொழிபெயர்க்கும் சிறு மென்பொருள். அச்சுப்பொறியில் விளக்கு எரிகிறது, கம்பியும் சரியாக இருக்கிறது, ஆனால் கணினி அதைக் கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் ஐயப்பட வேண்டியது டிரைவரைத்தான். உலாவியையும் தேடுபொறியையும் ஒன்றாகக் கருத வேண்டாம்: குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவை கணினியில் நிறுவப்படும் உலாவிகள்; கூகுள் தேடல், பிங் ஆகியவை அந்த உலாவி வழியே நாம் சென்றடையும் தளங்கள்.

வலையமைப்புச் சொற்களுக்கு, ஒரு பக்கம் திறக்கும் கதையைப் பின்தொடர்வதே எளிய வழி. உலாவியில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டி என்டர் அழுத்துகிறீர்கள். கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிவதால், அந்தப் பெயருக்குரிய ஐபி முகவரியை முதலில் கண்டறிய வேண்டும். அதைச் சொல்வது டிஎன்எஸ். பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்த அம்முறைதான் இன்றும் தொலைபேசிக் குறிப்பேடு போல இணையத்துக்கு உதவுகிறது. முகவரி கிடைத்ததும், உங்கள் கோரிக்கை பாக்கெட் எனப்படும் சிறு துண்டாக வைஃபை அலையில் ஏறி ரவுட்டரை அடைகிறது. ரவுட்டர் அதை இணையச் சேவை வழங்குநருக்கு அனுப்ப, பல ரவுட்டர்களைக் கடந்து அது அந்தத் தளத்தை வைத்திருக்கும் கணினியான சர்வர் எனப்படும் வழங்கியைச் சேர்கிறது. பக்கமும் அதேபோலப் பல துண்டுகளாகத் திரும்பி வந்து உங்கள் உலாவியில் ஒன்றுகூடுகிறது.

விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குச் சென்று உங்கள் இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் ஐபிவி4 (ஐபி முறையின் நான்காம் பதிப்பு) முகவரி ஒன்றைக் காண்பீர்கள். உலகெங்கும் எண்ணற்ற வீடுகளில் இதே முகவரி இருக்கும், ஏனெனில் இது உள்வலையில் மட்டும் செல்லுபடியாகும் எண். வெளியுலகுக்கு வேறோர் எண்ணே தெரியும். ஐபிவி4 முறை 32 பிட் கொண்டதால் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகளே உண்டு. அவை போதாமல் போனதால்தான் 128 பிட் கொண்ட ஐபிவி6 உருவாக்கப்பட்டது.

வைஃபையும் இணையமும் வெவ்வேறு என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வைஃபை என்பது உங்கள் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள கம்பியில்லாத் தொடர்பு மட்டுமே. அதன் பெயரோடு 5ஜி என்று காணப்பட்டால், கைப்பேசியின் ஐந்தாம் தலைமுறைச் சேவை என்று எண்ண வேண்டாம். அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறிக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸைவிட அது வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டுவதில் சற்றுப் பின்தங்கும். முகவரியின் தொடக்கத்தில் ஹெச்டிடிபிஎஸ் இருந்தால், இடைவழியில் யாரும் படிக்க முடியாதபடி தகவல் மறைகுறியாக்கப்படுகிறது. மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்பதற்கு அது சான்றாகாது; மோசடித் தளங்களும் அதைப் பயன்படுத்துகின்றன.

பக்கம் திறக்கவில்லை என்றால் அதே வழியில் ஒவ்வொரு படியாகத் தேடுங்கள். மற்றொரு தளம் திறக்கிறதா? திறந்தால் பழுது அந்த வழங்கியில் இருக்கலாம். எதுவுமே திறக்கவில்லை, ஆனால் வைஃபை இணைந்திருக்கிறது என்றால், அதே வைஃபையில் இருக்கும் கைப்பேசியிலும் முயன்று பாருங்கள். அதிலும் இல்லை என்றால் ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ கோளாறு. அதில் மட்டும் திறந்தால் உங்கள் கணினியின் அமைப்பில் கோளாறு. உதவி கேட்கும்போது “நெட் வரவில்லை” என்று மட்டும் சொல்லாமல், “வைஃபை இணைந்திருக்கிறது, கைப்பேசியில் தளம் திறக்கிறது, கணினியில் மட்டும் இந்தச் செய்தி வருகிறது” என்று சொல்லி, திரையில் தோன்றும் செய்தியை எழுத்து மாறாமல் குறித்துக் கொடுங்கள்.