காம்பாக்ட் கேமராவா, ஹேண்டிகேமா? வீட்டு வீடியோவுக்கு வாங்கும்போது செய்யும் தவறுகள்

முதல் பிறந்தநாள், பள்ளி ஆண்டு விழா, அரங்கேற்றம் என்று ஏதாவது நெருங்கி வரும்போதுதான் பல வீடுகளில் வீடியோ கேமரா வாங்கும் பேச்சு எழும். நாள் குறைவாக இருப்பதால், பெட்டியில் எந்த எண் பெரிதாகத் தெரிகிறதோ அதையே வாங்கி வந்துவிடுகிறார்கள். புகைப்படமும் வீடியோவும் எடுக்கும் சின்ன காம்பாக்ட் கேமரா, வீடியோவுக்கென்றே செய்த ஹேண்டிகேம் என்று இரண்டு வகை உண்டு. எது வேண்டும் என்று முடிவு செய்ய, கடைக்குப் போகும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். எவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கப் போகிறீர்கள்? நிறுத்தாமல் எவ்வளவு நேரம் எடுக்கப் போகிறீர்கள்?

தூரத்தைக் கணக்குப் போடாமல் வாங்குவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. உங்கள் இருக்கையிலிருந்து மேடை 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சோனி இசட்வி-1 காம்பாக்டின் லென்ஸ், 35 மி.மீ. கணக்கில் (வெவ்வேறு கேமராக்களின் லென்ஸ்களை ஒப்பிட உதவும் பொது அளவு), 24 முதல் 70 வரை போகும். அதை 70 வரை இழுத்தாலும் சுமார் 10 மீட்டர் அகல மேடை முழுவதும் படத்துக்குள் வந்துவிடும். நாலடி உயரக் குழந்தை திரையின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். முகத்தில் அபிநயம் தெரியாது. சோனி ஏஎக்ஸ்43 போன்ற 20 மடங்கு ஆப்டிகல் ஜூம் (லென்ஸே பெரிதாக்கிக் காட்டுவது) உள்ள ஹேண்டிகேமில், அதே இருக்கையிலிருந்து படத்தின் அகலத்தை 1.3 மீட்டருக்குக் கொண்டுவரலாம். முகமும் முத்திரை பிடிக்கும் கைகளும் திரையை நிறைக்கும்.

பெட்டியில் 200, 300 என்று போட்டிருப்பது பெரும்பாலும் டிஜிட்டல் ஜூம். அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குகிறதே தவிர, புதிதாக எந்த விவரத்தையும் சேர்ப்பதில்லை. லென்ஸ் வளையத்திலோ கையேட்டிலோ இரண்டு எண்கள் இருக்கும்; பெரியதைச் சிறியதால் வகுத்துப் பாருங்கள். ஏஎக்ஸ்43-இல் 4.4-88, அதாவது 20 மடங்கு. இசட்வி-1-இல் 9.4-25.7, மூன்று மடங்குகூட இல்லை. ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும், பேர் தெரியாத ‘4கே கேம்கார்டர்’களில் பெரும்பாலும் ஓர் எண்ணுக்கு மேல் இருக்காது. அப்படியானால் ஆப்டிகல் ஜூம் கிடையாது, பலவற்றில் ஆட்டோ ஃபோகஸும் கிடையாது. பார்க்க ஹேண்டிகேம் மாதிரியே இருந்தாலும் தயவுசெய்து வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்குக் கையில் இருக்கும் மொபைலே நல்ல படம் தரும்.

அடுத்தது நேரம். பல காம்பாக்ட் கேமராக்கள் 29 நிமிடம் 59 வினாடியில் தானாக நின்றுவிடும். 30 நிமிடத்துக்கு மேல் பதிவாகும் கேமராவை ஐரோப்பாவில் வீடியோ கேமராவாகக் கருதி அதிகச் சுங்கவரி போட்டதால் வந்த வழக்கம் இது. கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3-இல் 4கே என்றால் 9 நிமிடம் 59 வினாடிதான். வரம்பு இல்லாத மாடல்களிலும் சூடு பிரச்சினை உண்டு. சின்ன உடம்புக்குள் பெரிய சென்சார் (வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு), காற்று புக வழி இல்லை. சித்திரை வெயிலில் 4கே ஓடவிட்டால் பாதியில் அணைந்துவிடும். சோனி மாடல்களில் தானாக அணையும் வெப்ப அளவை மெனுவில் ‘ஹை’ என்று மாற்றி வைத்தால் இன்னும் சற்று நேரம் தாங்கும். அப்போது கையில் பிடிக்காமல் ட்ரைபாடில் வையுங்கள். பேட்டரியும் சிறியது, இசட்வி-1-க்கு விட்டு விட்டு எடுத்தால் முக்கால் மணி நேரம்தான். ஹேண்டிகேமில் பேட்டரி பின்பக்கம் வெளியே மாட்டுவதால் அதைவிடப் பெரியதை வாங்கிப் போடலாம், கரண்டில் சொருகியபடியும் எடுக்கலாம். இரண்டரை மணி நேர அரங்கேற்றத்தை ட்ரைபாடில் வைத்து முழுதாக எடுக்க வேண்டுமென்றால் ஹேண்டிகேம்தான்.

ஆனால் எடுக்கப்போவது பெரும்பாலும் வீட்டுக்குள் என்றால் கதையே மாறுகிறது. ஒரே ட்யூப் லைட் எரியும் கூடத்தில் தவழும் குழந்தையை எடுக்க 20 மடங்கு ஜூம் எதற்கு? அங்கே வெளிச்சம்தான் பிரச்சினை. இசட்வி-1, ஜி7 எக்ஸ் இரண்டிலும் இருக்கும் 1 அங்குல சென்சாரின் பரப்பு, ஏஎக்ஸ்43-இன் சென்சாரைப் போல நாலரை மடங்குக்கும் மேல். லென்ஸும் எஃப் 1.8 வரை திறக்கும், அதாவது நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும். விலை குறைந்த ஹேண்டிகேம்களில் சென்சார் இன்னும் சிறியது. மாலைக்கு மேல் வீட்டுக்குள் எடுத்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும். கடற்கரைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் மட்டும் கவனம்: காம்பாக்டின் லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே போவது, இடுக்கில் மணல் புகுந்தால் அப்படியே சிக்கிக்கொள்ளும்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்குவது நம் வீடுகளில் சகஜம். அங்கே விற்கும் ஹேண்டிகேம்கள் பலவற்றில் வினாடிக்கு 60 அல்லது 30 ஃபிரேம் (தனிப் படம்) மட்டுமே உண்டு, 50-க்கு மாற்றும் வசதி இருக்காது. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் போட்ட ட்யூப் லைட் வினாடிக்கு 100 முறை மினுக்கும். 60 ஃபிரேம் அதோடு ஒத்துப்போகாததால் படம் துடித்துக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? ஷட்டர் வேகத்தை (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் உள்ளே வரும் நேரம்) 1/100 வினாடியில் நிறுத்துங்கள். படம் கொஞ்சம் இருட்டும், துடிப்பு நின்றுவிடும். கேமராவின் சர்வதேச வாரன்ட்டி இங்கே செல்லுமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒலியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஜூம் மேடையை அருகே கொண்டுவரும், ஒலியைக் கொண்டுவராது. 20 மீட்டர் தள்ளியிருக்கும் கேமராவின் மைக்கில் பக்கத்து இருக்கைப் பேச்சுதான் பதிவாகும். அதனால் 3.5 மி.மீ. மைக் சாக்கெட் உள்ள மாடலாகப் பாருங்கள். ஆரம்ப விலை ஹேண்டிகேம் சிலவற்றில் அது இல்லை. சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்ஸரிலிருந்து லைன் வாங்கினால் நேராக மைக் சாக்கெட்டில் சொருகாதீர்கள், குரல் உடைந்து கரகரக்கும். சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் கேபிள் இடையில் வேண்டும்.

மெமரி கார்டு விஷயம் சுலபம். வினாடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே எடுத்தால் 64 ஜிபி கார்டு சுமார் 85 நிமிடம் வரும். கார்டின் வேகத்தைக் காட்டும் வி30 அல்லது யு3 முத்திரை இருந்தால் போதும்.

செகண்ட் ஹேண்டில் பழைய ஹேண்டிகேம் வாங்குபவர்கள் ஏவிசிஎச்டி (அவை வீடியோவைச் சேமிக்கும் வடிவம்) கோப்புகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். சோனியில் நீளமான பதிவை 2 ஜிபி துண்டுகளாக வெட்டி வைக்கும். துண்டுகளை மட்டும் தனித்தனியாக இழுத்து காப்பி செய்தால், சேரும் இடத்தில் பாட்டு ஒரு கணம் அறுந்துபோகலாம். கார்டில் உள்ள ‘பிரைவேட்’ ஃபோல்டரை உள்ளே எதையும் பெயர் மாற்றாமல் முழுதாக காப்பி செய்து, கம்பெனியின் சாஃப்ட்வேரில் இணையுங்கள். கடைசித் துண்டுவரை ஓடிப் பார்த்த பிறகே கார்டை ஃபார்மேட் செய்யுங்கள்.