எல்லாம் மூலம் இல்லை: ஆசனவாய்த் தொல்லைகளைக் கூச்சமில்லாமல் புரிந்துகொள்ள

"மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்" என்ற நோட்டீஸைப் பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைச் சுவரிலும் மின்கம்பத்திலும் பார்க்காதவர்கள் சேலத்தில் இருக்க மாட்டார்கள். வீட்டில் சொல்ல முடியாமல், டாக்டரிடம் காட்டவும் கூசி, அந்த நம்பரை மட்டும் யாருக்கும் தெரியாமல் குறித்துக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பின்பக்கம் எது வந்தாலும் அதற்கு "மூலம்" என்று நாமே பெயர் வைத்துவிடுகிறோம். வெடிப்புக்கு மூல மருந்து, சீழ்க்கட்டிக்கு மூல லேகியம் என்று மாதங்கள் ஓடிவிடுகின்றன.

உண்மையில் நான்கு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும். வலி எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது? ரத்தம் சொட்டுகிறதா, மலத்தின் மேல் கோடாக வருகிறதா, மலத்தோடு கலந்து வருகிறதா? கழுவும்போது கையில் ஏதாவது தட்டுப்படுகிறதா? அரிப்போ கசிவோ உண்டா?

முதலில் அந்த இடத்தின் அமைப்பைப் பார்ப்போம். ஆசனவாய்க் குழாய் 3 முதல் 4 செ.மீ. நீளம்தான். அதன் நடுவே, பல்வரிசை மாதிரி வளைந்து வளைந்து ஒரு கோடு ஓடுகிறது. கோட்டுக்கு மேலே இருக்கும் சவ்வைக் கிள்ளினாலும் வலிக்காது. கோட்டுக்குக் கீழே இருக்கும் தோலுக்கோ விரல் நுனி அளவுக்கு உணர்ச்சி உண்டு. உள்மூலம் வலிக்காமல் ரத்தம் கொட்டுவதும், சின்னஞ்சிறு வெடிப்பு உயிரை எடுப்பதும் இதனால்தான். சுற்றிலும் இரண்டு தசை வளையங்கள் இருக்கின்றன. வெளி வளையம் நாம் சொன்னபடி கேட்கும். உள் வளையம் தானாக இயங்குவது, நம் பேச்சைக் கேட்காது.

வலிதான் முதல் தொல்லை என்றால் பெரும்பாலும் அது வெடிப்பு. கெட்டியான மலம் தோலைக் கிழித்துவிடுகிறது. அநேகமாக முதுகெலும்புப் பக்கம், நேர் நடுவில். "கண்ணாடித் துண்டு போகிற மாதிரி", "மிளகாய் அரைத்து வைத்த மாதிரி" என்று சொல்வார்கள். போகும்போது அறுக்கும். போய் வந்த பிறகும் அரை மணி முதல் சில மணி நேரம் வரை கடுகடுவென்று இருக்கும். ரத்தம் கொஞ்சம்தான், மலத்தின் மேல் சிவப்புக் கோடு போல. காயம் வலிக்கிறது, வலியில் உள் வளையம் இறுகிக்கொள்கிறது, இறுகினால் காயத்துக்கு ரத்த ஓட்டம் குறைகிறது, அதனால் காயம் ஆறுவதில்லை. வலிக்குப் பயந்து மலத்தை அடக்கினால் அது இன்னும் கெட்டியாகி மறுபடியும் கிழிக்கிறது. இந்தச் சுற்றை இரண்டு இடத்தில் அறுக்க வேண்டும்: மலம் இளக வேண்டும், தசை தளர வேண்டும். வெறும் வலி மாத்திரை இரண்டையும் செய்யாது.

தசையைத் தளர்த்த வெந்நீரில் உட்கார்வதுதான் மலிவான வழி. இடுப்பு அமரும் அளவு அகலமான பிளாஸ்டிக் பேசின் ஒன்று போதும். முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்கும் சூட்டில், நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர். மலம் கழித்த உடனே ஒரு தடவையும், இன்னும் ஒன்றிரண்டு தடவையும், ஒவ்வொரு முறையும் 10 முதல் 15 நிமிடம் உட்காருங்கள். பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பலர் செய்யும் தவறு, அதில் டெட்டால் ஊற்றுவது. அது கிழிந்த தோலைப் பொசுக்கிவிடும். பொட்டாசியம் பர்மாங்கனேட்டும் தேவையில்லை. உப்பு போட்டால் கெடுதல் இல்லை, ஆனால் வேலை செய்வது சூடுதான்.

இதோடு டாக்டர் பெரும்பாலும் 2 சதவீத டில்டியாசெம் களிம்பு எழுதித் தருவார். பட்டாணி அளவு எடுத்து விளிம்பில் தடவினால் போதும், உள்ளே வெகுதூரம் விட வேண்டாம். 6 முதல் 8 வாரம் தொடர வேண்டும். வலி இரண்டு வாரத்தில் அடங்கியதும் நிறுத்திவிடுகிறவர்களுக்குத்தான் அது திரும்பி வருகிறது. இன்னொரு வகையான நைட்ரோகிளிசரின் களிம்பு தலைவலி கொடுக்கும். வயாகரா வகை மாத்திரை போடுகிறவர்கள் அதைத் தொடவே கூடாது. இரண்டு மாதம் முறையாகச் செய்தும் ஆறாவிட்டால் உள் வளையத்தில் சிறு வெட்டுப் போடும் அறுவை சிகிச்சை உண்டு. நாள்பட்ட வெடிப்பின் ஓரத்தில் தோல் தடித்து ஒரு சின்னக் குருணை போலத் தொங்கும். அதைத் தொட்டுப் பார்த்துத்தான் நிறையப் பேர் "வெளிமூலம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இனி மூலம். குழாயின் உள்ளே ரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தைகள் எல்லோருக்கும் இருக்கின்றன. காற்றையும் நீரையும் கசியாமல் பிடித்து வைக்க அவை உதவுகின்றன. அவை வீங்கிச் சரியும்போதுதான் அது நோய். அடையாளம், வலியில்லாத பளீர் சிவப்பு ரத்தம். கடைசியில் சொட்டுச் சொட்டாக, சில நேரம் பீய்ச்சி அடிக்கும். முதல் நிலையில் ரத்தம் மட்டும் வரும். இரண்டாவதில் முக்கும்போது சதை வெளியே வந்து தானே உள்ளே போகும். மூன்றாவதில் விரலால் தள்ள வேண்டும். நான்காவதில் தள்ளினாலும் நிற்காது. முதல் இரண்டு நிலைகளில் மலத்தை இளக்குவதும் முக்குவதை நிறுத்துவதும் பலருக்குப் போதும். போதாதபோது, மூன்றாம் நிலையிலும்கூட, அடியில் ரப்பர் வளையம் போட்டுவிடலாம். மயக்கம் தர வேண்டியதில்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம். ஒரு வாரம் பத்து நாளில் அந்தச் சதை உதிரும்போது கொஞ்சம் ரத்தம் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். நிற்காமல் வந்தால் உடனே போய்க் காட்ட வேண்டும்.

நேற்று வரை ஒன்றுமில்லை, இன்று காலையில் விளிம்பில் நாவல்பழம் மாதிரி நீலமாக ஒரு கட்டி, உட்கார முடியாத வலி என்றால் வெளி ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறது. முதல் மூன்று நாளுக்குள் டாக்டரிடம் போனால் மரக்கச் செய்து எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு வலி தானே இறங்கத் தொடங்கும், வெந்நீரே போதும். ஊசியால் நீங்களே குத்திப் பார்க்காதீர்கள்.

மூலத்துக்குத் துத்திக் கீரை நம் வீடுகளில் பழைய பழக்கம். கீரையாக அது நல்லதுதான், மலம் இளகும். ஆனால் சீழ்க்கட்டி கீரைக்கு அடங்காது. ஆசனவாயைச் சுற்றியுள்ள நுண்ணிய சுரப்பிகளில் ஒன்று அடைத்துக்கொண்டால் சீழ் கோக்கும். நாளுக்கு நாள் ஏறும் விண்விண் வலி, உட்காரும்போதும் இருமும்போதும் அதிகம், காய்ச்சல், குளிர். மாத்திரையால் மட்டும் இது தீராது, கீறிச் சீழை வெளியேற்றியாக வேண்டும். ஏற்காட்டு மலையில் எஸ்டேட்டில் இருப்பவர்கள் "நாளைக்குப் பார்ப்போம்" என்று இருக்கக் கூடாது. வலி முற்றிய பிறகு இருபது கொண்டை ஊசி வளைவுகளில் உட்கார்ந்து கீழே இறங்குவது பெரும்பாடு. சர்க்கரை நோயாளிக்கு இது அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரம், ஏனென்றால் சீழ் தொடைக்கும் விரைப்பைக்கும் வேகமாகப் பரவும்.

சீழ் வடிந்த பிறகும் சிலருக்கு உள்ளிருந்து தோல் வரை ஒரு சுரங்கம் தங்கிவிடும். அதுதான் பௌத்திரம். ஒரு சின்னத் துளை, அதிலிருந்து விட்டு விட்டுக் கசிவு, உள்ளாடையில் கறை. இதற்கு எம்.ஆர்.ஐ. பார்த்துச் சுரங்கம் தசையை எவ்வளவு கடக்கிறது என்று தெரிந்த பிறகே கை வைக்க வேண்டும். சித்த, ஆயுர்வேத முறையில் மருந்து ஏற்றிய நூலைச் சுரங்கத்துக்குள் விட்டுக் கட்டும் காரநூல் சிகிச்சையும் முறையாகப் படித்தவர் கையில் நல்ல பலன் தரும். நோட்டீஸ் ஒட்டும் போலி வைத்தியரின் ஊசிதான் ஆபத்து. என்ன மருந்து என்று தெரியாத காரத்தை உள்ளே ஏற்றுவதில் தசை வெந்துபோய், பிறகு மலத்தை அடக்கும் சக்தியே போய்விடலாம்.

அரிப்புக்கு அழுக்கு காரணம் என்று நினைத்து ஒரு நாளைக்கு நான்கு தடவை சோப்புப் போட்டுத் தேய்ப்பதுதான் பல நேரம் அரிப்பை வளர்க்கிறது. வெறும் தண்ணீரால் கழுவி, உலர ஒற்றி, பருத்தி உள்ளாடை போட்டாலே பலருக்குக் குறையும். படர்தாமரைக்கு என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் கூட்டுக் களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கலாம். முதல் இரண்டு நாள் சுகமாக இருக்கும், பிறகு தோல் மெலிந்து படர்தாமரை இன்னும் பரவும். இரவில் மட்டும் அரிப்பு, அதுவும் குழந்தைக்கு என்றால் கீரிப்பூச்சி. பெண் புழு இரவில் வெளியே வந்து முட்டையிடும். டாக்டர் அல்பெண்டசோல் தந்தால் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை போட வேண்டும். கர்ப்பிணிகள் கேட்காமல் போடக் கூடாது. மறுநாள் காலையிலேயே போர்வை, உள்ளாடையை வெந்நீரில் துவைத்து, குழந்தையின் நகத்தை வெட்டிவிடுங்கள்.

விளிம்பில் காலிபிளவர் மாதிரி சின்னச் சின்ன மருக்கள் இருந்தால் அது வைரஸால் வருவது. உடலுறவு வழியாகப் பரவும். ஆசனவாய் வழி உடலுறவு உண்டு என்றால் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுவது நல்லது, பரிசோதனையே அதற்கேற்ப மாறும். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது.

இத்தனைக்கும் அடியில் இருப்பது பெரும்பாலும் மலச்சிக்கல். சேலத்தில் அதற்குத் தொழிலும் ஒரு காரணம். குழித்தறியில் கால் விட்டு உட்கார்ந்தவர் "இன்னும் ஒரு முழம் நெய்துவிட்டு எழலாம்" என்பார். கொலுசுப் பட்டறையிலும் அப்படித்தான். அந்த உணர்வை அடக்க அடக்கக் குடல் மலத்தின் நீரை உறிஞ்சிக்கொள்ளும், மலம் கல்லாகிவிடும். கழிப்பறை வசதியில்லாத இடத்தில் வேலை பார்க்கும் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் இருப்பது இன்னும் கொடுமை. இது அவர்கள் குற்றமே இல்லை.

ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். தீட்டிய அரிசி 100 கிராமில் 3 கிராம்கூட இல்லை. நம் ஊர் ஜவ்வரிசியில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அதே 100 கிராம் கேழ்வரகிலோ கம்பிலோ சுமார் 11 கிராம். ஒரு கொய்யாவில் 5 கிராமுக்குக் குறையாது. ஒரு வேளை களியோ கூழோ, ஒரு கீரைப் பொரியல், சுண்டல், கொய்யா என்றால் கணக்குத் தேறிவிடும். ஆரஞ்சுச் சுளையை வெள்ளைத் தோலோடு தின்னுங்கள், நார் அதில்தான் இருக்கிறது. போதாவிட்டால் இசப்கோல் ஒரு டீஸ்பூன், பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கி, கெட்டியாகும் முன் குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். நாலைந்து நாள் கழித்து இரண்டு டீஸ்பூனாக ஏற்றலாம். முதல் வாரம் வாயு தொந்தரவு இருக்கும், பிறகு அடங்கும். தண்ணீர் குறைந்தால் இசப்கோலே அடைப்பாக மாறும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் கர்ப்பிணிகளுக்கு மலம் கறுத்து இறுகுவது வழக்கம். மாத்திரையை நிறுத்தாமல், மலம் இளக டாக்டரிடம் மருந்து கேளுங்கள்.

காலை ஆகாரமோ காபியோ முடித்த அரை மணிக்குள் குடல் தானே அசையும். அந்த நேரத்தைப் பிடியுங்கள். வெஸ்டர்ன் கழிப்பறையில் காலுக்கு அடியில் ஒரு ஜாண் உயர முக்காலி போட்டுச் சற்றுக் குனிந்து உட்காருங்கள். ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் எழுந்துவிடுங்கள். செல்போன் வெளியே இருக்கட்டும்.

பீட்ரூட் நிறையச் சாப்பிட்ட மறுநாள் மலம் சிவந்தால் அது ரத்தம் அல்ல. பீட்ரூட் துருவல் வைத்துத் தரும் தட்டுவடை செட் ஊரில் இதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் ரத்தம் மலத்தோடு கலந்து வந்தால், மலம் தார் மாதிரி கறுத்து ஒட்டினால், மலம் போகும் பழக்கம் சில வாரங்களாக மாறியிருந்தால், எடையோ ரத்த அளவோ குறைந்தால், 45 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக ரத்தம் வந்தால், மூலம் இருப்பது தெரிந்திருந்தாலும் குடலைக் கேமராக் குழாய் விட்டு (கொலோனோஸ்கோபி, தார் மாதிரி கறுத்தால் வாய்வழி எண்டோஸ்கோபி) பார்த்துவிட வேண்டும். மூலமும் புற்றுநோயும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். கட்டி கட்டியாக ரத்தம் வந்து தலை சுற்றினாலோ, காய்ச்சலோடு சிறுநீர் அடைத்தாலோ அன்றே கிளம்புங்கள்.

பார்க்க வேண்டியது பொது அறுவை சிகிச்சைப் பிரிவு. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காலைப் புறநோயாளிப் பிரிவுக்குப் போகலாம். "மூலம்" என்று சொல்லாதீர்கள். "டாக்டர், ரெண்டு மாசமா வெளிக்குப் போகும்போது வலி, போனப்புறம் ஒரு மணி நேரம் இருக்கு, லேசா ரத்தம்" என்று சொல்லுங்கள். இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். மேலே துணி போர்த்தியிருக்கும். கையுறையில் ஜெல் தடவி விரலால் பார்ப்பார், பிறகு பெருவிரல் தடிமனில் சிறு குழாய் வைத்து விளக்கடித்துப் பார்ப்பார். எல்லாம் ஓரிரு நிமிடம். வாயைத் திறந்து மெல்ல மூச்சு விட்டால் தசை தளரும். வெடிப்பு வலி தாங்க முடியவில்லை என்றால் "இன்னைக்கு உள்ளே பார்க்க வேண்டாம்" என்று சொல்லலாம், வெளியே விரித்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். பெண்கள் பெண் டாக்டரையோ கூட ஒரு நர்ஸையோ கேட்கலாம். முதல் நாள் பட்டினியும் வேண்டாம், எனிமாவும் வேண்டாம். காலையில் வெளிக்குப் போய்விட்டு வந்தால் போதும்.