டேனிஷ் பீங்கான் விலங்கு கையில் கிடைத்தால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

டென்மார்க்கின் ராயல் கோபன்ஹேகன் ஆலை செய்த பீங்கான் விலங்கு பொம்மை ஒன்றை முதன்முறையாக வாங்கப் போகிறீர்களா? முகத்தைப் பார்த்து மயங்கும் முன் அடிப்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள், பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது.

1. மேசையில் தடித்த துண்டை விரியுங்கள். காதையோ வாலையோ பிடித்துத் தூக்கவே கூடாது, உடம்போடு சேர்த்து இரண்டு கையாலும் பிடியுங்கள்.

2. கவிழ்த்தால் மூன்று நீல அலைக்கோடுகள் தெரியும். 1775-இல் தொடங்கிய ஆலையின் முத்திரை அது, டென்மார்க்கின் மூன்று நீரிணைகளைக் குறிக்கிறது. கூடவே இருக்கும் ஆலைப் பெயரை ஒரு பூதக்கண்ணாடியால் எழுத்தெழுத்தாகப் பாருங்கள்; 1935 முதல் பல ஆண்டுகள், ஏதாவது ஓர் எழுத்தின் மேலோ கீழோ சின்னக் கோடு போட்டார்கள், அது எந்த எழுத்து என்பதை வைத்தே செய்த ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம்.

3. அலைகளின் குறுக்கே கீறல் இருந்தால் அது இரண்டாம் தரம் என்று ஆலையே ஒதுக்கியது. வாங்கலாம், ஆனால் முதல் தர விலை கொடுக்காதீர்கள்.

4. அப்புறம் எண். அது வடிவத்தின் எண், அதைத் தேடினால் வடிவமைத்தவர் யார் என்று தெரியும்: கரடிகளுக்குப் பேர்போன க்னுட் கூன், ஜீன் க்ரூட் என்று பலர். பக்கத்திலேயே பெரும்பாலும் தூரிகையால் போட்ட குட்டி அடையாளம் ஒன்றும் இருக்கும், அது வண்ணம் தீட்டியவருடையது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1885-இல் கலை இயக்குநராக வந்த ஆர்னோல்ட் க்ரோக் வளர்த்தெடுத்த முறைப்படி வண்ணத்தை முதலில் தீட்டி, அதன் மேல் கண்ணாடிப் பூச்சு கொடுத்து, ஏறத்தாழ 1400 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள். அந்தச் சூட்டைத் தாங்குபவை கோபால்ட் நீலம், குரோமியப் பச்சை, பழுப்பு என்று ஒரு சில நிறங்களே; அதனால்தான் இந்த விலங்குகள் பலவும் பனிமூட்டத்துக்குள் நிற்பதுபோல் சாம்பல் நீலமாக இருக்கின்றன. தீட்டும்போது தெரியும் நிறம் வேறு, சூளையிலிருந்து வரும் நிறம் வேறு. அதை மனக்கணக்கில் வைத்துத்தான் ஒவ்வொரு மயிரிழையையும் இழுக்கிறார்கள்!

5. இப்போது கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். வண்ணம் பூச்சுக்கு அடியில் இருப்பதால் எங்கும் வழுவழுவென்றுதான் இருக்க வேண்டும். காது, வால், அலகு ஆகியவற்றில் நிதானமாகத் தடவுங்கள், முதலில் உடைவது இவைதான். பீங்கான் சில்லென்று இருக்கும். உடைந்ததை ஒட்டி மேலே வண்ணம் பூசிய இடம் அவ்வளவு குளிராது, லேசாகப் பிசுபிசுக்கும். அப்படிப்பட்டதை வாங்கினாலும் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும்.