ஆய்வகத்துக்கு வரும் நம் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர ஆய்வகங்களில் நம் தமிழ்ப் பெண்களைப் பார்க்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. குறிப்பேட்டை ஒழுங்காக எழுது, தரவுக்கு நகல் எடுத்து வை என்றெல்லாம் அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் என் தலைமுறைப் பெண்கள் எங்கே தடுக்கி விழுந்தோமோ அங்கேயே இவர்களும் விழுவதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை.

கட்டுரையில் பெயர் வரிசையைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம் என்று விடுவது

எனக்குத் தெரிந்த ஒரு பெண், இங்கே டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவள். உம்கேனி ஆற்றில் மழை வெயில் பாராமல் இறங்கித் தண்ணீர் மாதிரி எடுத்தாள், கிருமிகளை வளர்த்தாள், கட்டுரையின் முதல் வரைவையும் எழுதினாள். நடுவில் பிரசவம். இதழின் மதிப்பீட்டாளர்கள் கேட்ட திருத்தங்கள் அந்த விடுப்பில்தான் வந்து சேர்ந்தன. புள்ளிவிவரம் பார்த்துக் கொடுக்க வந்தவர் திருத்திக் கொடுத்தார். கட்டுரை வெளியானபோது, வேலையை முன்னின்று செய்தவருக்குரிய முதல் பெயர் அவருடையது, இவளுடையது நான்காவது. கேட்டதற்கு, "கைக்குழந்தையோடு இருக்கிறாய், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டோம்" என்றார்களாம். இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

தென்னாப்பிரிக்கச் சட்டம் பிரசவத்துக்கு விடுப்பு எடுக்க உரிமை தருகிறது. அந்த விடுப்பு முழுவதும் உங்கள் கட்டுரை யார் கையில் இருக்கும் என்பதை நீங்கள்தான் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை ஆய்வாளர் ஒருவருக்குத் தரம் வழங்கும்போது கடைசி 8 ஆண்டு வெளியீடுகளைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. கைவிட்டுப் போன ஒரு முதல் பெயர் அத்தனை ஆண்டும் உங்களைப் பின்னுக்கு இழுக்கும்.

முதல் கூட்டம் முடிந்த அன்றே நெறியாளருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இன்று பேசியபடி முதல் பெயர் என்னுடையது. நான் விடுப்பில் இருந்தாலும் திருத்தங்கள் எனக்கு வர வேண்டும். வரிசை மாறுவதானால் எல்லோரும் பேசிய பிறகே." அவ்வளவுதான், மூன்று வரி. அப்புறம் இன்னொன்று: மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நெறிப்படி, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தருவது ஒவ்வொரு கட்டுரையாளரின் கடமை. உங்களுக்குக் காட்டாமல் அனுப்பியிருந்தால் அந்த நெறியை எடுத்துக்காட்டித் தயங்காமல் கேளுங்கள். வெளியான பிறகு பெயரை மாற்றுவது பெரும்பாடு. பொதுவாக எல்லாக் கட்டுரையாளர்களும் சம்மதித்தால்தான் நடக்கும்.

பெயர் கேட்டால் பேராசைக்காரி என்பார்களோ என்று தயங்குபவர்கள் நம் ஊர் எய்ட்ஸ் ஆராய்ச்சி மையமான காப்ரிசா, டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து கலந்த ஜெல்லை வைத்து நடத்திய ஆய்வை எடுத்துப் பாருங்கள். 889 பெண்கள் பங்கேற்ற ஆய்வு. அந்த ஜெல் எச்.ஐ.வி. தொற்றை 39 சதவீதம் குறைத்தது என்று 2010இல் சயன்ஸ் இதழில் வந்தது. முதல் பெயர் குராய்ஷா அப்துல் கரீம். அவருடைய கணவர் சலீமும் அதே கட்டுரையில் இருக்கிறார், அடுத்த பெயராக.

கூப்பிட்ட குழுவுக்கெல்லாம் தலையாட்டுவது

ஆண்டுக்கு இரண்டு போதும். கூட்டக் குறிப்பு எழுதுவதும் விருந்தினரை உபசரிப்பதும் பதவி உயர்வில் கணக்குக்கு வராது.

எல்லாத் தகுதியும் வந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்பது

விண்ணப்பியுங்கள். வேண்டாம் என்று சொல்வது தேர்வுக்குழுவின் வேலை.

மாநாட்டை வீட்டில் கடைசி வாரத்தில் சொல்வது

தைப்பூசக் காவடி என்றைக்கு என்பது மாமியாருக்கு மாதக்கணக்கில் முன்பே தெரியும். மாநாட்டுத் தேதியும் அப்படித்தான் தெரிய வேண்டும். இடம் உறுதியான அன்றே சமையலறைக் காலண்டரில் எழுதிவிட்டு, பிள்ளைகளை எந்த நாளில் யார் பார்த்துக்கொள்வது என்பதையும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.