‘தி ஜென்டில் கன்மேன்’: வீட்டில் போட்டுப் பார்க்கும் முறை

பேசில் டியர்டன் இயக்கி 1952-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் ஆயுதக் குழுவின் குண்டுகள் பிரிக்கும் அண்ணன், தம்பியாக ஜான் மில்ஸும் டர்க் போகார்டும்.

டிவியில் படவிகிதத்தை 4:3 என வையுங்கள். 16:9-க்கு இழுத்தால் முகம் அகலும். ஜூம் செய்தால் தலை வெட்டுப்படும். இடையிடையே செயற்கை பிரேம்களைச் சேர்க்கும் ‘மோஷன் ஸ்மூத்திங்’கை அணைக்காவிட்டால், நொடிக்கு 24 பிரேம் ஓடும் படம் சீரியல் மாதிரி வழுக்கும்.

‘டைனமிக்’ மோடு மட்டும் வேண்டவே வேண்டாம், ‘சினிமா’ மோடு போதும். லண்டன் சுரங்க ரயில் நிலையத்தில், போர்க்கால நடைமேடையில் ஒதுங்கியிருப்பவர்களின் முகங்களை ‘டைனமிக்’ இருட்டில் கரைத்துவிடும். அந்த முகங்கள் தெரிந்தால்தான் தம்பி கொண்டுவரும் குண்டு நெஞ்சில் உறைக்கும்.

PAL (ஐரோப்பா, இந்தியாவின் டிவி முறை) டிவிடி நொடிக்கு 25 பிரேமில் ஓடுவதால் எந்த 100 நிமிடப் படமும் 96 நிமிடமாகும், குரல் சற்று உயரும், பழுதல்ல. ஒலி மோனோ, அதாவது ஒரே தடம்: சரவுண்டை நிறுத்துங்கள், ஐரிஷ் உச்சரிப்பு தெளியும்.